'எடு' சுலபம், 'இரு' தான் கஷ்டம்

இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. ஒரு நாய்க் கதை. ஆனா கடைசியில ஊசி உண்டு. டாக்டர் எழுதற த்ரெட்ல ஊசி இல்லாம இருக்குமா? கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் நாய்க்கடி பத்தி எழுதினப்ப இன்பாக்ஸ்ல நிறைய பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தீங்க. "டாக்டர், எங்க லாப்ரடார் யாரையும் கடிக்காது. ஆனா எதைப் பார்த்தாலும் பிச்சிக்கிட்டு ஓடுது. என்ன பண்றது?"

இதுக்கு பதில் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, ஒரே ஒரு தகுதிதான். என் நாய் அப்படி ஓடி, ஒரு நெசவாளர் குடும்பத்தோட உழைப்பு மேல விழுந்திருக்கு.

நான் இருக்கறது செவிலிமேடு. காஞ்சிபுரத்துல இருந்து வந்தவாசி போற ரோட்டுல, பாலாத்துப் பாலத்தை ஒட்டின ஊர். சாலைக் கிணறு இங்கதான் இருக்கு. விந்திய மலைக் காட்டுல வழி தெரியாம நின்ன ராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் காஞ்சிக்கு கூட்டி வந்ததாவும், வேடுவச்சி தாகத்துக்கு தண்ணி கேட்டப்ப அவர் இறைச்சுக் கொடுத்த கிணறு இதுன்னும் கதை. மத்தபடி எங்க தெருவுல காலையில கேக்கற சத்தம் தறிச் சத்தம். சாயங்காலம் என் ஓபி சத்தம்.

எங்க வீட்டு நாய் பேரு மணி. கருப்பு லாப்ரடார். "லாப்ரடாருக்கு மணின்னா பேரு வைப்பாங்க?"ன்னு கேக்காதீங்க. எங்க வீட்டுல நாய்னா மணிதான், இது மூணாவது மணி.

முதல்ல இந்த இனத்தைப் பத்தி கொஞ்சம். இது புரியாம வளக்கறதாலதான் பாதி பிரச்னை.

லாப்ரடார் ரிட்ரீவர், கோல்டன் ரிட்ரீவர்னு சொல்றோம்ல, அந்த 'ரிட்ரீவர்'னா எடுத்துட்டு வர்றவன். இதுங்க 'கன் டாக்', அதாவது துப்பாக்கி வேட்டைக்காரரோட போற நாய். லாப்ரடாரோட முன்னோர்கள் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவுல மீனவர்களுக்கு ஒத்தாசையா இருந்த நாய்கள். குளிர்ந்த கடல்ல குதிச்சு வலையையும் மீனையும் இழுத்துட்டு வரும். அங்கிருந்து பிரிட்டனுக்குப் போய், வாத்து வேட்டைக்குப் பழகினது. 1903ல இங்கிலாந்து கென்னல் கிளப் தனி இனமா ஏத்துக்கிச்சு.

வேட்டையில அதோட வேலை என்ன? துப்பாக்கி வெடிக்கும். பறவை விழும். நாய் நகரக் கூடாது. விழுந்த இடத்தை கண்ணால குறிச்சு வெச்சுக்கணும். 'எடு'ன்னு சொன்ன பிறகுதான் போகணும். பல்லு பதியாம கவ்விட்டு வந்து கையில கொடுக்கணும். முன்னாடியே பாஞ்சா அடுத்த குண்டு வர்ற பாதையில போய் நிக்கும், மிச்ச பறவையையும் கலைச்சு விட்டுடும். அதனால அந்த ஊர் பயிற்சியாளர்கள் எடுத்து வர்றதை பாதி வேலைன்னுதான் கணக்கு வெப்பாங்க. இன்னொரு பாதிக்கு 'ஸ்டெடினஸ்'னு பேரு. நான் அதை 'இரு'ன்னு சொல்லிக்கறேன். நம்ம மொழியில இதை விட சரியான வார்த்தை கிடையாது.

நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேற வார்ப்பு. முயலைக் கண்ணால பார்த்து துரத்திப் பிடிக்கறதுக்குன்னே வந்த நாய்ங்க. ஓடறதுதான் அதுங்க வேலை. லாப்ரடாருக்கு உக்காந்து பாத்துட்டு இருக்கறதும் வேலை. அந்தப் பாதியை நாம சொல்லித் தர்றதே இல்ல.

இங்க துப்பாக்கியும் கிடையாது, அது நல்லதுதான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்க கொக்கு, வாத்து சுடறது குற்றம். சட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே நம்ம பக்கம் இந்த உணர்வு இருந்திருக்கு. உத்திரமேரூர் தாண்டிப் போனா வேடந்தாங்கல். அங்க வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரிப் பறவைகளை சுட்டப்ப, ஊர் ஜனங்க கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, 1798 வாக்குல சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். அவங்களுக்கு அது தெரிஞ்சிருந்தது.

ஆக பறவையும் வேணாம், துப்பாக்கியும் வேணாம். துணியில செஞ்ச டம்மி போதும். ஆனா இந்த நாய் ரத்தத்துல இருக்கற வேலை அப்படியேதான் இருக்கு. அதை நான் எப்படிக் கையாண்டேன்னு கேளுங்க.

தினம் சாயங்காலம் பாலாத்து மணல்ல டென்னிஸ் பந்து. நான் போடுவேன், அவன் ஓடுவான், கொண்டு வருவான். திரும்பப் போடுவேன். ஐம்பது தடவை, அறுபது தடவை. "நல்லா ஓடினா ராத்திரி சத்தம் போடாம தூங்குவான்"னு நெனப்பு. பாக்கறவங்க எல்லாம் "என்ன அறிவு பாருங்க"ன்னு சொல்லுவாங்க. எனக்கும் பெருமை.

அப்ப வந்தது ஒரு மாசி மாசக் காலை.

பட்டுத் தறி தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். நீளவாக்குல போற இழைகளுக்கு பாவு, குறுக்க போறது ஊடை. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி பாவை தெருவுல நீளமா இழுத்துக் கட்டி, அறுந்த இழையைப் பிணைச்சு, சிக்கு எடுத்து சரி பண்ணுவாங்க. வெயில் ஏறறதுக்குள்ள முடிக்கணும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொண்ணும் தலைமுடி மாதிரி. மூணு புடவைக்கான பாவுன்னா பாதித் தெரு வரும். பட்டு பெரும்பாலும் நெசவாளரோடது இல்ல. சொசைட்டியோ மாஸ்டர் வீவரோ கொடுக்கறது. வீணானா கூலியிலதான் கை வைப்பாங்க.

அன்னைக்கு எங்க எதிர்வீட்டு அண்ணன் பாவு இழுத்திருந்தார். நான் மணியை நடக்க வெச்சு கூட்டி வந்துட்டு இருந்தேன். கயிறு இல்ல. "நம்ம பையன் சமத்து"ங்கற நெனப்பு. தெரு முனையில பசங்க கிரிக்கெட். ஒருத்தன் அடிச்ச பந்து பறந்து வந்து பாவுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"மணி!"ன்னு நான் கத்தினது என் காதுலயே விழல.

முப்பத்திரெண்டு கிலோ நாய். பாவுக்குக் கீழ புகுந்தான், நடுவுல மாட்டினான், பயந்து எம்பினான். கட்டியிருந்த கட்டை சாஞ்சது. பக்கத்துல நின்ன அண்ணனோட பேத்தி, ஏழு வயசு, கீழ விழுந்தா. அவ முழங்கைக்குக் கீழ மணியோட நகம் கீறிடுச்சு. இவ்வளவு நடந்த பிறகும் அவன் பந்தைக் கவ்விட்டு வந்து என் கால்கிட்ட வெச்சுட்டு வாலை ஆட்டினான். அவனைப் பொறுத்த வரைக்கும் வேலையை சரியா முடிச்சுட்டான்.

முதல்ல பாப்பாவைத் தூக்கிட்டு குழாயடிக்கு ஓடினேன். சோப்பு போட்டு, ஓடற தண்ணியில 15 நிமிஷம். தோல் சிராய்ச்சிருந்தது, ரத்தம் வரல. மருத்துவக் கணக்குல அது இரண்டாம் வகைக் காயம். கழுவணும், தடுப்பூசி போடணும். ரத்தம் வந்திருந்தா மூணாம் வகை, இம்யூனோகுளோபுலினும் காயத்துலயே போட வேண்டியிருக்கும்.

அவ அம்மா கேட்டாங்க. "உங்க நாய்தானே டாக்டரம்மா? அதுக்குத்தான் வருஷா வருஷம் ஊசி போடறீங்களே, பாப்பாவுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஆனா ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சா காப்பாத்த வழி கிடையாது. ஊசி போட்ட நாய்னா ஆபத்து குறைவு, அவ்வளவுதான். அந்தக் குறைவை நம்பி ஒரு குழந்தை விஷயத்துல நான் சும்மா இருக்க முடியாது. என் வாயாலயே "என் நாயை நம்பாதீங்க"ன்னு சொல்ல வேண்டி வந்தது. அதைச் சொல்றப்ப இருந்த வெக்கம் இன்னும் போகல.

பாப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சுட்டு திரும்பி வந்தா, அண்ணன் பாவு முன்னாடி குத்த வெச்சு உக்காந்திருந்தார். திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அறுந்த இழை ஐம்பதுக்கு மேல, சிக்கானது எத்தனைன்னு எண்ணவே முடியாது.

"எவ்ளோ ஆகும்னு சொல்லுங்கண்ணே, நான் கொடுத்துடறேன்."

"காசு கொடுத்துடுவீங்க டாக்டரம்மா. இழையை யார் பிணைக்கறது?"

நானும் பக்கத்துல உக்காந்தேன். பட்டு நூல்ல தையல் போட்டுப் பழகின கை இது. ஆனா ஒரு இழையோட ரெண்டு முனையைக் கண்டுபிடிக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அண்ணனோட சம்சாரம் பாத்துட்டே இருந்துட்டு, "நீங்க முனையை மட்டும் தேடிக் கொடுங்கம்மா, முடிச்சு நாங்க போடறோம்"னு சொன்னாங்க. மதியம் வரைக்கும் நாலு பேர் உக்காந்து செஞ்சோம். அண்ணனோட ரெண்டு நாள் கூலி போச்சு. அதை நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கிட்டார். ஆனா அந்த வேலை அவர் கையிலதான் முடிஞ்சது.

அன்னைக்கு சாயங்காலம் நான் போய் நின்னது பக்கத்துத் தெரு ஹவில்தார் ஐயா வீட்டுல. ராணுவத்துல நாய்களைப் பழக்கின மனுஷர். மீரட்ல இருக்கற ராணுவக் கால்நடைப் படையோட மையத்துல பயிற்சி எடுத்தவர். வெடிகுண்டு மோப்பம் பிடிக்கற லாப்ரடார்களோட வருஷக்கணக்கா வேலை செஞ்சிருக்கார்.

கதையைக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பந்து போடறீங்க டாக்டரம்மா?"

"ஐம்பது, அறுபது இருக்கும் ஐயா."

"அதுல எத்தனை தடவை நீங்க போய் எடுத்தீங்க?"

"நான் எதுக்கு எடுக்கணும்? அதுக்குத்தானே நாய்!"

"அங்கதான் தப்பு. நீங்க நாய்க்கு எடுக்க சொல்லித் தரல. எது பறந்தாலும் ஓடுன்னு சொல்லித் தந்திருக்கீங்க. நல்லாவே கத்துக்கிச்சு."

முதல் வருஷ பிசியாலஜியில பாவ்லோவ் படிச்சிருக்கேன். மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும். என் வீட்டு மணிக்கு நான் அதையேதான் ஒரு வருஷமா செஞ்சிருக்கேன். பறக்கற பந்துதான் அவனுக்கு அடிக்கற மணி. பறந்த நொடியில கால் கிளம்பிடும். என் குரல் அதுக்கு அப்புறம்தான் போய் சேரும்.

இப்ப அவர் சொல்லித் தந்த முறை. உங்க நாய்க்கும் ஆகும், குறிச்சுக்கங்க.

ஒண்ணு. ஆரம்பம் சாப்பாட்டுத் தட்டு. தட்டை வைங்க, 'இரு' சொல்லுங்க. எழுந்தா தட்டு மேல போயிடும். உக்காந்தா கீழ வரும். அடி கிடையாது, திட்டு கிடையாது. ரெண்டு செகண்ட்ல ஆரம்பிச்சு அரை நிமிஷம் வரைக்கும் கொண்டு போங்க. லாப்ரடாருக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம்னா, 2016ல வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒண்ணு இருக்கு. நாலுல ஒரு லாப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி.ங்கற ஜீன்ல ஒரு துண்டு இல்ல. 'வயிறு நிறைஞ்சது'ங்கற சிக்னலுக்கு வேண்டிய ஜீன் அது. சாப்பாட்டு ஆசை அதிகம், எடையும் ஏறும். உதவி நாயா தேர்ந்தெடுத்த லாப்ரடார்கள்ல முக்கால்வாசிக்கு இந்தக் குறை இருந்தது. பிஸ்கட்டுக்காக எதையும் கத்துக்கற நாய்தானே பயிற்சிக்குத் தேறும்! ஆனா அந்த பிஸ்கட்டை ராத்திரி சாப்பாட்டுல கழிச்சுடுங்க.

ரெண்டு. பந்து வேணாம். காடாத்துணி பையில பழைய துணி அடைச்சு, அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு டம்மி. துள்ளாது, உருளாது. வெறி ஏத்தாது.

மூணு, இதுதான் முக்கியம். பத்து தடவை போட்டா ஏழு தடவை நீங்களே போய் எடுங்க. நாய் உக்காந்து பாக்கட்டும். விழறது எல்லாம் எனக்கில்லன்னு அதுக்குப் புரியணும். எனக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க அப்பதான் அது உங்க முகத்தைத் திரும்பிப் பாக்கும். ஐயா காத்திருந்தது அந்தத் திரும்பலுக்குத்தான்.

நாலு. ஆரம்பத்துல கயிறு காலுக்கடியில இருக்கட்டும். தவறிக் கூட ஓடி எடுக்க விடக் கூடாது. ஒரு தடவை ஓடி ஜெயிச்சா பத்து நாள் பாடம் போச்சு.

அஞ்சு. கொண்டு வர்றப்ப துரத்தாதீங்க, நீங்க எதிர்ப்பக்கமா நடங்க. தானா பின்னாடி வரும். வாயிலருந்து பிடுங்காதீங்க. பிடுங்கினா இறுக்கிக் கடிக்கக் கத்துக்கும்.

ஆறு. விசில். நீளமா ஒண்ணு ஊதினா உக்காரு. குட்டிக் குட்டியா நாலஞ்சு ஊதினா வா. ஐயா சொன்ன காரணம்: "விசிலுக்குக் கோபம் வராதும்மா."

ஏழு. நம்ம ஊர் வெயில். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி, இல்லன்னா இருட்டின பிறகு. புறங்கையை மணல்ல அஞ்சாறு செகண்ட் வைங்க, உங்களால முடியலன்னா நாய்க்கும் முடியாது. குளிர் கடலுக்குப் பொறந்த ரோமம் அது. நம்மள மாதிரி வேர்த்து ஆறாது, மூச்சு இறைச்சுதான் ஆறணும்.

அடுத்த ஆறு மாசம் பாலாத்து மணல்ல தினம் ஒரு காட்சி. நாய் ராஜா மாதிரி உக்காந்திருக்கும், டாக்டரம்மா ஓடி ஓடி டம்மி பொறுக்குவா. பாலத்து மேல பைக்கை நிறுத்தி வேடிக்கை பாத்தவங்க உண்டு. ஒரு பேஷண்ட் ஓபியில வந்து, "மேடம், யாருக்கு யார் ட்ரெய்னிங்?"னு கேட்டார். மூணு கிலோ குறைஞ்சேன். உங்களுக்கெல்லாம் எழுதித் தர்ற வாக்கிங்கை முதல் முறையா நானும் செஞ்சேன்.

நேர்க்கோடா முன்னேறல. ஐப்பசி மழையில ஆத்துல கொஞ்சம் தண்ணி வந்தது. ஒரு நாள் நாலஞ்சு மடையான் ஒண்ணா எழும்பினதும், மூணு மாசப் பாடத்தையும் மறந்துட்டு மணி தண்ணிக்குள்ள பாஞ்சுட்டான். நான் தொண்டை கிழிய கத்தினேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கத்தாதீங்க. திரும்பி நடங்க."

நடந்தேன். அவன் நனைஞ்சு போய் பின்னாடி ஓடி வந்தான். எனக்கு கை ஓங்குச்சு. "இப்ப அடிச்சா ஓடினதுக்கு அடின்னு அவனுக்குத் தெரியாது டாக்டரம்மா. வந்ததுக்கு அடின்னுதான் தெரியும். அப்புறம் வரவே மாட்டான்."

இதை எழுதறப்ப எனக்கு ஓபியில பாக்கற சில அப்பா அம்மா ஞாபகம் வராங்க. உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு விழற அடி. சரி, அது வேற த்ரெட்.

மறுநாள் ஒரு படி கீழ இறங்கி, கயிறோட திரும்ப ஆரம்பிச்சோம்.

தை மாசக் கடைசியில ஒரு காலை. அதே தெரு, அதே அண்ணன், வேற பாவு. இந்த தடவை கயிறு என் கையில. பசங்க பந்து உருண்டு வந்து பாவுக்கு இந்தப் பக்கம், எங்களுக்குப் பத்தடி முன்னாடி நின்னுச்சு. மணி உடம்பு பூரா நடுங்குது. வாயிலருந்து எச்சில் ஒழுகுது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள திண்ணையிலருந்து ஒரு குரல்.

"மணி, இரு."

பாப்பாதான். தினம் எங்களைப் பாத்து அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டா. மணி உக்காந்தான். உக்காந்து, பந்தை விட்டுட்டு என் முகத்தைப் பாத்தான். பாப்பா இறங்கி வந்து, பந்தை அவளே எடுத்து பசங்ககிட்ட எறிஞ்சுட்டு, திரும்பிப் போய் உக்காந்துக்கிட்டா.

அண்ணன் ஒண்ணும் சொல்லல. ஆனா நாங்க தெருவைத் தாண்டற வரைக்கும் இழையிலருந்து கையை எடுத்துட்டு மணியையே பாத்துட்டு இருந்தார். இன்னைக்கும் அப்படித்தான் பாப்பார். பாக்கட்டும். அவர் பாக்கறது நியாயம்.

அதனால எனக்கு எழுதிக் கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். "கடிக்காது"ங்கறது பாதி பதில். "நான் சொன்னா இருக்குமா?"ன்னு உங்களையே கேளுங்க. ஓடி வர்ற முப்பது கிலோ நாய், அன்பா ஓடி வந்தாலும், ஒரு குழந்தையைத் தள்ளும், பைக்ல போறவரைச் சாய்க்கும். 'இரு' நல்லா வந்த பிறகும் தெருவுல கயிறு வேணும். பாவு இழுத்திருந்தா நான் அந்தத் தெருவுக்கே போறதில்ல, சுத்திப் போறேன்.

இப்ப சொன்ன மாதிரி ஊசி. எந்த நாய் கடிச்சாலும், கீறினாலும், சொந்த நாயா இருந்தாலும், உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேணாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி. தோல்ல போடற ஊசின்னா 0, 3, 7, 28, நாலு நாள். அரசு மருத்துவமனையில இலவசம். ரெண்டு ஊசியோட நிறுத்தற வேலையே வேணாம்.

பாப்பா நாலும் போட்டுக்கிட்டா. நாலு தடவையும் அழல. கடைசி ஊசி அன்னைக்கு மட்டும், "மணிக்கும் இன்னைக்கு ஊசி உண்டா?"ன்னு கேட்டா. வருஷா வருஷம் உண்டுன்னு சொன்னேன். அதுல அவளுக்கு ஒரு திருப்தி.

சரி மக்களே, ஓபிக்கு நேரம் ஆச்சு. உங்க நாய் எது கேட்டா 'இரு'ன்னு இருக்கும், எதைப் பாத்தா இருக்காதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ராத்திரி படிக்கறேன். புரியாததை ஹவில்தார் ஐயாகிட்ட கேட்டு சொல்றேன்.